ஹேண்டில்பாரை மாற்றலாமா? மோல்மேன் பக்கம் பைக் ஓட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

என் அக்கா வீடு பர்மாவின் தம்புசயாட்டில். மோல்மேனிலிருந்து 40 மைல். ஞாயிறு தவறாமல் போய் வருவேன். முடோன் தாண்டுவதற்குள் வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துவிடும். ரப்பர் தோட்டத்து நிழலில் நிறுத்தி, கையை உதறிவிட்டு மறுபடி ஏறுவேன். மூன்று வருடம் அப்படியே ஓட்டினேன். பிறகுதான் ஹேண்டில்பாரில் கை வைத்தேன். முதல் தடவை தப்பாகப் போனது, இரண்டாம் தடவை சரியாக வந்தது. இப்போது அக்கா வீட்டு வாசல் வரை விரல் மரப்பதில்லை.

கோவில் வாசலிலும் டீக்கடையிலும் தெரிந்தவர்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ரங்கூன் நகருக்குள் பைக்குக்குத் தடை இருப்பதால் இது மோல்மேன், முடோன், தட்டோன், பெகு, மாந்தலே என்று மற்ற ஊர்களில் ஓட்டும் நம் ஆட்களுக்கு.

"கை வலிக்குது அண்ணே. உயரமான ஹேண்டில்பார் ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?"

கொஞ்சம் பொறுங்கள் தம்பி. எங்கே வலிக்கிறது என்று முதலில் பாருங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு கைப்பிடியில் அழுந்துகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்தால் மணிக்கட்டு மடங்கியே இருக்கிறது, அங்கே நடுவில் போகும் நரம்பு நெருக்கப்படுகிறது. கழுத்தும் தோளும் இறுகினால் கைப்பிடி உங்களுக்கு எட்டத்தில் இருக்கிறது, அல்லது தாழ்வாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒரு சோதனை சொல்கிறேன். பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வழக்கமாக ஓட்டுவது போல உட்காருங்கள். இரண்டு உள்ளங்கையையும் கைப்பிடியிலிருந்து ஒரு அங்குலம் தூக்குங்கள். உடம்பு அப்படியே நின்றால் உங்கள் பாரம் இடுப்பில் இருக்கிறது, ஹேண்டில்பார் உயரம் பெரிய குற்றவாளி இல்லை. உடம்பு முன்னால் சரிந்தால் இத்தனை நாளும் உங்கள் மேல் உடம்பைக் கைகள்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அப்போதுதான் உயரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து யாரையாவது ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கம்பி போல நீட்டியிருந்தால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு பள்ளமும் நேராகத் தோளுக்கு வரும்.

வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு போகாமல் இருந்தாலோ, இரவில் விரல் எரிந்தாலோ, பைக்கை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

"காசு செலவில்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் அனுபவம். அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் லீவர்கள். நிறைய வண்டிகளில் கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் மேல் பார்த்து நிற்கும். விரலை அதன் மேல் வைக்கும்போது மணிக்கட்டு பின்னால் ஒடிந்து நிற்கும். வண்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கையைக் கைப்பிடியில் வைத்து, விரல்களை நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே நேர்க்கோடாக வர வேண்டும். விரல் லீவருக்குக் கீழே போய் நின்றால் லீவரைக் கீழே இறக்க வேண்டும் என்று அர்த்தம். லீவர் கிளாம்ப்பின் போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தி, விரல் இருக்கும் இடத்துக்கு லீவரைக் கொண்டுவாருங்கள். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் எண்ணெய் டப்பாவின் மூடி முடிந்த அளவு மட்டமாக இருக்கட்டும், ரொம்பச் சாய்த்தால் உள்ளே காற்று போகும். திரும்ப முடுக்கும்போது முரட்டுத்தனம் வேண்டாம். கையால் பலமாகத் திருகினால் லீவர் நகர வேண்டும், சாதாரணமாக அசையக் கூடாது. அந்த அளவு போதும். வண்டி சாய்ந்து விழுந்தால் லீவர் சுழன்று தப்பிக்கும், இறுக்கிப் பூட்டியிருந்தால் முறியும்.

அடுத்து ஹேண்டில்பாரையே, அதை நடுவில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்புக்குள் கொஞ்சம் சுழற்றுவது. பழைய இடத்தை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள் (அக்காவின் சிவப்புப் பூச்சு என் வண்டியில் இன்னும் இருக்கிறது). நான்கு போல்ட்டையும் தளர்த்தி, உங்கள் பக்கமாக ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒன்று) சுழற்றினாலே கைப்பிடி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கிட்டே வந்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் கைப்பிடி நுனிகள் கீழே தொங்கி, மணிக்கட்டு வெளிப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். ஒரு நூல், ஒரு சவாரி, பிறகு இன்னொரு நூல் என்று போங்கள். சுழற்றிய பிறகு லீவரையும் மறுபடி சரிசெய்ய வேண்டும், அதுவும் கூடவே சுழன்றிருக்கும்.

போல்ட்டைத் திரும்ப முடுக்குவதில் ஒரு ஒழுங்கு உண்டு. நிறைய ஜப்பான் வண்டிகளில் கிளாம்ப் மூடியில் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி முன்னால் வரவேண்டும். முன் போல்ட்டுகளை முழுக்க முடுக்கிய பிறகே பின் போல்ட்டுகள், இடைவெளி பின்பக்கம் மட்டும் நிற்கும். வேறு சில வண்டிகளில் முன்னும் பின்னும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறதோ அப்படி. எவ்வளவு இறுக்கமாக முடுக்க வேண்டும் என்பதற்கு, 8 எம்.எம். போல்ட்டுக்குப் பல வண்டிகளில் 20-லிருந்து 25 நியூட்டன் மீட்டர் வரை சொல்லியிருப்பார்கள். அந்த அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைத் தேடிப் போங்கள், அவர் கொஞ்சம் தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

"ரைசர் போட்டால் எவ்வளவு உயர்த்தலாம்?"

ரைசர் என்பது ஹேண்டில்பாருக்கும் மேல் டி-க்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை மேலே பிடித்திருக்கும் தட்டு) நடுவில் வைக்கும் அலுமினியக் கட்டை. 20 எம்.எம்.மில் ஆரம்பியுங்கள். 30 எம்.எம். வரை பல வண்டிகளில் பழைய கேபிளே தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் கேபிள், பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் குழாய்) எல்லாமே நீளமாக மாற்ற வேண்டிவரும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. முன் ஃபோர்க் நேராக நிற்பதில்லை. மேலே போகப் போக ஓட்டுகிறவர் பக்கம் சாய்ந்து வருகிறது. அந்தச் சாய்வு சுமார் 26 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 30 எம்.எம். ரைசர் போடும்போது ஹேண்டில்பார் 27 எம்.எம். உயர்வதோடு 13 எம்.எம். உங்கள் பக்கம் பின்னாலும் வருகிறது. அதாவது உயரமும் கிட்டமும் சேர்ந்தே கிடைக்கிறது. இதை யோசிக்காமல் பின்னால் இழுத்த ஹேண்டில்பாரையும் ரைசரையும் ஒன்றாகப் போட்டவர்கள், வளைவில் முழங்கை விலாவில் இடிக்கிறது என்று திரும்பி வருகிறார்கள்.

ரைசரோடு வரும் போல்ட்டைக் கவனியுங்கள். பழைய போல்ட்டையே போட்டால் அடியில் இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்து நிற்கும். அலுமினியத்தில் 8 எம்.எம். போல்ட் குறைந்தது 12 எம்.எம். ஆழம் உள்ளே இறங்க வேண்டும். தலையில் 8.8 என்று பொறித்திருக்கும் போல்ட்டாக வாங்குங்கள். ஒரு ரைசர் மேல் இன்னொரு ரைசர் அடுக்கவே வேண்டாம்.

"கேபிள் விஷயத்தில் என்ன ஆகும்? மெக்கானிக் ஒன்றும் ஆகாது என்கிறாரே?"

என் முதல் தடவை தப்பானது இங்கேதான். ஒரு பட்டறையில் ரைசர் போட்டுக் கொடுத்தார்கள். நேராக ஓட்டும்போது அருமையாக இருந்தது. மார்க்கெட் பக்கம் யூ-டர்ன் எடுத்தேன். இங்கே வலது பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே யூ-டர்ன் இடது பக்கம். ஹேண்டிலை முழுக்க இடதுபுறம் ஒடித்ததும் நான் ஆக்சிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் உறுமி வண்டி முன்னால் தாவியது. எதிரே வாழைத்தார் வைத்திருந்த ஒரு தள்ளுவண்டி. கிளட்சைப் பிடித்ததால் ஒரு முழ தூரத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்து டாங்கைக் கழற்றிப் பார்த்தால் ஆக்சிலேட்டர் கேபிள் வீணைத் தந்தி போல விறைத்து நிற்கிறது. ஹேண்டில் திரும்பும்போது அது தானாகவே கார்பரேட்டரைத் திறந்துவிட்டிருக்கிறது.

அதனால் ஹேண்டில்பாரில் எந்த மாற்றம் செய்தாலும், பட்டறையை விட்டு நகருமுன் நீங்களே இதைச் செய்யுங்கள். நடு ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் ஒரு சொட்டுக்கூட ஏறக் கூடாது. ஆக்சிலேட்டர் பிடியில் 2-லிருந்து 6 எம்.எம். வரை ஆட்டம் இருக்க வேண்டும். கிளட்ச் லீவர் நுனியில் 10-லிருந்து 20 எம்.எம். இரண்டு கோடியிலும் இதைத் தனித்தனியாகப் பாருங்கள், நடுவில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பிரேக் ஹோஸ் எந்தப் பக்கமும் விறைக்கக் கூடாது. சுவிட்ச் ஒயர்க் கற்றை கழுத்துப் பகுதியில் சட்டத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் நசுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த ஒயர் ஒரே நாளில் அறுவதில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு மழை நாளில் ஹாரனும் விளக்கும் சேர்ந்து போகும்.

கேபிள் பத்தவில்லை என்றால் எப்போதும் புதிதுதான் வாங்க வேண்டும் என்பதில்லை. பல வண்டிகளில் கேபிள் போகும் வழியை மாற்றினால், ஒரு கொக்கியிலிருந்து விடுவித்தால், இரண்டு விரல் அளவு தளர்வு கிடைக்கும். என் வண்டியில் அப்படித்தான் சரியானது. பிரேக் ஹோஸை மாற்ற நேர்ந்தால் இணைப்பில் செம்பு வாசர் புதிதாகப் போடச் சொல்லுங்கள், காற்று முழுக்க எடுத்த பிறகு லீவர் கல் போல நிற்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

"என்னிடம் இருப்பது வேவ். இதெல்லாம் செய்ய முடியுமா?"

வேவ், டிரீம், கென்போ போன்ற வண்டிகளில் தனிக் கிளாம்ப் கிடையாது. ஹேண்டில் குழாயே அடிப்பகுதியோடு வெல்டு செய்யப்பட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் போல்ட்டில் நிற்கும். சுழற்றவும் முடியாது, ரைசர் வைக்கவும் இடமில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டிகளில் முழங்காலால் பிடித்துக்கொள்ள டாங்க் இல்லை. அதிலும் கைலி கட்டிக்கொண்டு ஓட்டும்போது காலில் பிடிமானமே இருக்காது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடம்பு கையில் வந்து விழும். சீட்டும் முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்பு ஓயாமல் முன்னால் வழுக்கும், கை தள்ளிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஹேண்டிலைக் குறை சொல்வீர்கள். சீட் தைக்கிறவரிடம் கொடுத்து முன்பக்கம் ஒரு அங்குலம் நுரை ஏற்றி மட்டமாக்குங்கள். என் மச்சானின் வேவில் இதை மட்டும்தான் செய்தோம். மணிக்கட்டு வலி போய்விட்டது.

"வெல்டிங் பட்டறையில் குழாயை நீட்டித் தருகிறார்களே?"

செய்யாதீர்கள். ஒட்டு வைத்த இடத்துக்கு அடுத்தாற்போல்தான் உலோகம் களைத்துப் போய் முறியும். அதுவும் நீங்கள் பலமாக இழுக்கும் நேரத்தில், பள்ளத்திலோ அவசர பிரேக்கிலோ முறியும். நம் ஆட்கள் யாரும் இதைச் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். விழுந்து வளைந்த ஹேண்டில்பாரை அடித்து நிமிர்த்துவதும் இதே கதைதான். புதிது வாங்குங்கள்.

"புது ஹேண்டில்பார் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?"

கிளாம்ப் பிடிக்கும் இடத்தின் குறுக்களவு முதலில். நம்மூர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் 22 எம்.எம்., சில பெரிய வண்டிகளில் 28.6. இரண்டும் மாறினால் உட்காராது. பிறகு எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு பின்னால் வளைகிறது, எவ்வளவு அகலம் என்ற மூன்றும். பழைய ஹேண்டில்பாரைத் தரையில் வைத்து அளந்து, அந்த அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கண்ணளவு இங்கே ஏமாற்றும். சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கும், அதற்கான துளை புது ஹேண்டில்பாரில் வேண்டும். சிலர் அந்த முளையை வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஆக்சிலேட்டர் பெட்டியே கையோடு சுழலும்.

அகலம் கூடினால் திருப்புவது லேசாகும், ஆனால் காற்று உங்கள் நெஞ்சைப் பிடித்து இழுக்கும். தன்லுவின் பாலத்தின் மேல் ஆற்றுக் காற்றில் அகல ஹேண்டிலோடு போய்ப் பாருங்கள், தெரியும்.

கண்ணாடி விஷயத்தை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். ஹேண்டில் உயர்ந்து கிட்டே வந்ததும் கண்ணாடியில் உங்கள் முழங்கைதான் தெரியும். இந்த நாட்டில் அது பெரிய ஆபத்து. 1970-லிருந்து வலது பக்கம் ஓட்டுகிறோம், ஆனால் ரோட்டில் இன்னும் எத்தனையோ கார்களுக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். முந்த வரும் டிரைவருக்கு எதிரே வருவது தெரிய வேண்டுமானால் வண்டியையே வெளியே நீட்டிப் பார்க்க வேண்டும். எதிரே ஒன்று வந்தால் சட்டென்று உங்கள் மேல் ஒடிப்பார். உங்கள் இடது கண்ணாடியில் அவர் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். கண்ணாடித் தண்டை நீட்டும் சின்ன அடாப்டர் விலை மலிவு. ஹேண்டில் வாங்கும் அன்றைக்கே அதையும் வாங்கிவிடுங்கள்.

"உயர்த்தின பிறகு முதுகு வலி வந்துவிட்டது. ஏன்?"

நிமிர்ந்து உட்கார்ந்தால் கையிலிருந்த பாரம் முழுக்க இடுப்புக்கு வந்துவிடும். முன்னால் கொஞ்சம் சாய்ந்திருந்தபோது பள்ளத்தின் அடியைக் கையும் தொடையும் பங்கு போட்டுக்கொண்டன. இப்போது முதுகெலும்பு தனியாக வாங்குகிறது. 10 எம்.எம். இறக்கிப் பாருங்கள். பின் ஷாக் அப்சார்பர் உங்கள் எடைக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தலையணை மாதிரி மெத்தென்ற சீட் அரை மணி நேரத்துக்குத்தான் சுகம்.

"வலியில்லை, ஆனால் கை அதிர்ந்து மரக்கிறது."

அது உயரப் பிரச்சினை இல்லை. ஹேண்டில் நுனியில் பார் எண்ட் வெயிட் இருக்கிறதா? ஒரு பக்கம் விழுந்து போயிருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். போடுங்கள். கைப்பிடி ரப்பர் தேய்ந்து கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். புது ரப்பர் ஏற்ற ஆக்சிலேட்டர் பக்கம் எண்ணெயோ சோப்போ தடவக் கூடாது, ஒரு மழையில் பிடி கையோடு சுழலும். ரப்பர் பசை போட்டு ஒரு இரவு காயவிடுங்கள். நுனி வெயிட்டுக்கும் பிடிக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் விட்டதும் ஆக்சிலேட்டர் திரும்பாது. அப்புறம், கைப்பிடியைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். பயத்தில் இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு எந்த ரப்பரும் உதவாது.

"எனக்கு உயரம் கம்மி. கை எட்டவில்லை, லீவரும் எட்டவில்லை."

முடோனிலிருந்து ஒரு சித்தி கேட்டது. கை எட்டாதவருக்கு உயரத்தைவிடப் பின்னால் வளைந்த ஹேண்டில்பார்தான் வேண்டும். லீவருக்குத் தூரத்தைக் குறைக்கும் சின்னச் சக்கரம் வைத்த வகை கிடைக்கிறது. முதல் விரல் கணு லீவரில் படிய வேண்டும், நுனி விரலால் பிரேக் பிடிக்கக் கூடாது.

"பின்னால் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறேன். ஹேண்டிலை உயர்த்தலாமா?"

அண்ணே, உங்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பின்னால் பாரம் ஏறினால் முன் சக்கரத்தின் பாரம் ஏற்கெனவே குறைந்துவிட்டது. ஹேண்டிலை உயர்த்தி உங்களையும் பின்னால் தள்ளினால் முன் சக்கரம் இன்னும் லேசாகும், ஈரச் சிவப்பு மண்ணில் திருப்பினால் நேராகவே போகும். கேனை முடிந்தவரை முன்னால், தாழ்வாகக் கட்டுங்கள். லீவரை மட்டும் சரிசெய்யுங்கள். ரப்பர் பால் ஏற்றுகிறவர்களுக்கும் இதேதான். ஹேண்டிலில் பை மாட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

"மழைக்காலத்தில் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?"

மோல்மேனில் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அலுமினிய ரைசரும் இரும்பு போல்ட்டும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று அரித்துப் பூட்டிக்கொள்ளும். கியாய்க்கமி, செட்சே பக்கம் கடல் காற்றில் இன்னும் சீக்கிரம். போல்ட் மரையில் லேசாக கிரீஸ் தடவிப் போடுங்கள். கிரீஸ் போட்ட மரை வழுக்கும் என்பதால் கொஞ்சம் குறைவாக முடுக்க வேண்டும். ஹேண்டில்பார் கிளாம்ப்புக்குள் உட்காரும் இடத்தில் மட்டும் கிரீஸ் படவே கூடாது, அது சுத்தமாக, உலர்வாக இருக்க வேண்டும். மழை முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றித் துடையுங்கள்.

"எல்லாம் மாற்றியாகிவிட்டது. இனி என்ன?"

முதல் நாள் ஊருக்குள் மட்டும் ஓட்டுங்கள். 100 மைல் ஆனதும் நான்கு போல்ட்டையும் ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள். அப்போதே முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்) தளர்ந்திருந்தால் டொக் என்று கையில் தெரியும். தளர்ந்த கோன் செட்டின் ஆட்டத்தைப் புது ஹேண்டில்மேல் பழி போட்டுக் கழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய ஹேண்டில்பாரையும் பழைய போல்ட்டையும் ஒரு துணியில் சுற்றி வீட்டில் வையுங்கள். என்னுடையது அக்கா வீட்டுப் பரணில் இருக்கிறது.